உதவிய வீட்டில் நான் விட்டுவிட்டு வந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகர்கோவிலில் இருந்து கருங்கல் வழியாக இனயம் போகிற பஸ்ஸில் ஏறினேன். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி அந்தப் பக்கம் புது வீடு கட்டி, அன்றைக்குப் பால்காய்ப்பு வைத்திருந்தாள். என் கணவருக்கு உரக்கடையைப் போட்டுவிட்டு வர முடியவில்லை. அதனால் நான் மட்டும் ஒரு நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பரிசுக்கு வாங்கிய குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஊர் தோவாளைப் பக்கம். வயலும் வாய்க்காலுமான கிராமம். ஒரே மாவட்டம்தான் என்றாலும் மேற்குக் கடற்கரைப் பக்கம் நான் போய்வந்தது அபூர்வம். அங்கே சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. எங்கள் வீடு சைவம். மீன்கார ஊருக்குள் போக எங்களுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தனியாகப் போகிறேன்.

திங்கள்சந்தை தாண்டும்போது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு போண்டாவும் டீயும் சாப்பிட்டிருந்தேன். அந்த எண்ணெய்தான் சரியில்லை என்று மனசுக்குள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டேன். கருங்கலில் பஸ் கொஞ்சநேரம் நின்றது. அங்கேயே இறங்கியிருக்கலாம். இன்னும் கொஞ்ச தூரம்தானே, சமாளித்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அங்கிருந்து பஸ் கிளம்பிச் சில வளைவுகள் திரும்பியதும் எனக்குக் குளிர்ந்து வியர்த்தது. வாயில் உமிழ்நீர் ஊறியது. இனி என் கட்டுப்பாட்டில் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

எழுந்து நின்று, வண்டியை நிறுத்தச் சொல்லி கண்டக்டரைக் கேட்டேன். இங்கே ஸ்டாப் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் விசில் அடித்தார். குத்துவிளக்குப் பையோடு ரோட்டோரம் இறங்கினேன். பஸ் நகர்ந்ததும் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். அதோடு நிற்கவில்லை. எதை எழுதக் கூசுகிறேனோ அதுவும் நடந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சர், பட்டுச்சேலையில், தெரியாத ஊரில், பட்டப்பகலில்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில், இருந்தது. அதை ஒட்டி ஒரு சின்ன வீடு. பச்சை கேட். மதிலுக்குள் வலைக்குவியல் ஒன்றைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நைட்டி போட்ட ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கேட்டுக்குள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவளேதான் கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வாருங்க அக்கா. சாரமில்ல, வாருங்க. பாத்ரூம் பின்னால இருக்கு."

நான் சொல்ல வேண்டிய எதையும் அவள் என்னைச் சொல்ல வைக்கவில்லை. எப்படி ஆனது, எங்கே போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. நான் உள்ளே இருந்தபோதே கதவைத் தட்டி, ஒரு துவைத்த சுடிதாரையும் துண்டையும் நீட்டினாள். வாளியில் வெள்ளம் தீர்ந்தால் சொல்லுங்கள் என்று வெளியில் இருந்தே சொன்னாள். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்பார்கள், பரவாயில்லை என்பதற்குச் சாரமில்ல என்பார்கள். நான் சேலையை அலசப் பார்த்தேன். குனிந்தாலே தலை சுற்றியது. கதவைத் திறந்ததும் அவள் என் கையில் இருந்து சேலையைப் பிடுங்காத குறையாக வாங்கி, துவைக்கிற கல்லில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசத் தொடங்கிவிட்டாள். என் கூடப்பிறந்த தங்கைகூட அதைத் தொட யோசித்திருப்பாள்.

இன்னும் இரண்டு தடவை நான் பாத்ரூமுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு அவள் வீட்டு முன்னறையில் ஒரு பாயை விரித்துப் படுக்கச் சொன்னாள். கணவர் ஆழ்கடல் போட்டில் போயிருக்கிறார், கரைக்கு வர இன்னும் நாளாகும் என்றாள். வீட்டில் அவளும் குழந்தையும்தான். ஒன்றரை வயசுப் பெண்குழந்தை. யாரிடமும் ஒட்டிக்கொள்கிற பிள்ளை. என் வளையலைப் பிடித்து உருட்டுவதும் என் முகத்தைத் தட்டுவதுமாக இருந்தது.

ஒரு ஸ்டீல் டம்ளரில் கஞ்சி கொண்டுவந்தாள். கொடுக்கும் முன் ஒரு நொடி தயங்கினாள்.

"எங்க வீட்டு அடுப்புல வெச்ச கஞ்சி வெள்ளம். உப்பு போட்டிருக்கேன். குடிப்பியளா அக்கா?"

என் பேச்சிலிருந்தும் நெற்றியில் இருந்த திருநீற்றிலிருந்தும் நான் எந்தப் பக்கத்து ஆள், எப்படிப்பட்ட வீடு என்று அவள் கணித்திருக்க வேண்டும். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வாங்கிக் குடித்தேன். முக்கால் டம்ளருக்கு மேல் முடியவில்லை. மீதியைப் பாய் ஓரத்தில் வைத்தேன். குழந்தை தத்தித் தத்தி வந்து அந்த டம்ளரை இரண்டு கையாலும் தூக்கி மிச்சத்தைக் குடித்துவிட்டு, உதட்டைச் சுற்றிக் கஞ்சி ஒட்டியிருக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் கணவருக்கு போன் செய்தேன். அவர் கடையின் சின்ன வேனை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் ஈரச்சேலையைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய சுடிதாரோடேயே வண்டியில் ஏறினேன். துவைத்து அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்ன ஞாபகம். அவள் பெயரையோ போன் நம்பரையோ கேட்க எனக்குத் தோன்றவில்லை. பால்காய்ப்பு வீட்டுக் குத்துவிளக்கு வேனின் பின்சீட்டில் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபிறகும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து நிற்கக்கூட முடியாமல் போக, பக்கத்து ஆசுபத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். மதியம்போல் ஒரு லேடி டாக்டர் வந்தார். நான் எடுத்த எடுப்பிலேயே போண்டாக்கடைக்காரரைப் பற்றிப் புகார் சொன்னேன். நிறுத்துகிற மாத்திரை ஏதாவது கொடுங்கள் என்றும் கேட்டேன். அவர் இரண்டையும் காதில் வாங்கிக்கொள்ளாமல், "வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துதா? ரெண்டு நாளைக்கு முன்னால யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளிக்கிழமை என் தங்கையின் யூகேஜி படிக்கும் மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். தங்கை ஆபீஸ் போய்விட்டதால் நான்தான் அவர்கள் வீட்டில் இருந்து பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். தரையில் எடுத்த வாந்தியைப் பழந்துணியால் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டேன். கையைக் குழாயில் காட்டி நனைத்துக்கொண்டு, கைப்பையில் கொரோனா காலத்தில் இருந்தே கிடக்கும் சானிடைசரை ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டேன். அவ்வளவு சுத்தம் பார்த்ததாக எனக்கே ஒரு திருப்தி.

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வருவதும் உண்டாம். வெளியிலேயே கிடந்த சோற்றிலோ கறியிலோ கிருமி பெருகி நச்சை உண்டாக்கி வைத்திருந்தால் அப்படி வரும். காய்ச்சலோடு, ரத்தமும் சளியுமாகப் போனால் அது குடலைப் புண்ணாக்கும் வேறு வகைக் கிருமியாக இருக்கலாம். என்னுடையது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றுகிற வைரஸ்போலத் தெரிகிறது. உடம்புக்குள் நுழைந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அது வேலையைக் காட்டும். நாம் கடைசியாகச் சாப்பிட்டதன்மேல் பழியைப் போட்டுவிட்டு, உண்மையான இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம் என்றார்.

குடலின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரல்கள்போல முளைகள் இருக்கின்றனவாம். நாம் குடிக்கிற தண்ணீர் மட்டுமல்ல, செரிமானத்துக்காக உடம்பே குடலுக்குள் ஊற்றுகிற நீரையும் அவைதான் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வைரஸ் அந்த முளைகளைக் கெடுத்துவிடும். உறிஞ்ச ஆள் இல்லாத தண்ணீர் அப்படியே வெளியே கொட்டும். அதோடு உப்பும் போகும். ஆளைத் தள்ளாட வைப்பது அந்த இழப்புதான். ஆனால் உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால் மட்டும் உள்ளே விடுகிற ஒரு வழி குடலில் பெரும்பாலும் கெடாமல் இருக்குமாம். அவை இரண்டும் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது அப்படித்தான். சோற்றுக்கஞ்சியில் இருக்கும் மாவு குடலில் போய்ச் சர்க்கரையாவதால் உப்புப் போட்ட கஞ்சியும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். நேற்று யாரோ கஞ்சி கொடுத்தார்கள் என்றீர்களே, அது நல்லதுக்குத்தான் என்றார்.

எழுந்து போகும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டில் பாத்ரூமையும் குழாய்த் திருகையும் கதவுக் கொண்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவச் சொல்லுங்கள். இந்த வகைக்கு சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும், இன்னொருத்தர் வாய்க்குள் போனால் தொற்றிவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை, அவர்களுக்குச் சீக்கிரம் நீர் வற்றிவிடும்.

எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை யாரும் இல்லை டாக்டர் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. கஞ்சி ஒட்டிய அந்தச் சின்ன உதடு ஞாபகம் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான் திறந்து மூடிய குழாய். நான் பிடித்துத் தள்ளிய கதவு. என் சேலையை அலசிய அவள் கை. அலசிய கையோடு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. டிரிப்ஸ் இறங்க இறங்க என் உடம்பு தேறியது. மனசு மட்டும் ஒரு நிலையில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன்.

"சவத்த விடு. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வந்திருக்காது. நீ போய் சொன்னா, நம்மளால சீக்கு வந்துட்டுன்னு ஊரே கூடி நிக்கும். எதுக்கு?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நான் போகாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. குழந்தைக்கு வந்திருந்தாலும் மாம்பழம் சேரவில்லை, ஐஸ் தின்றது என்று ஏதாவது ஒன்றின்மேல் போட்டுவிட்டு அவர்கள் இருந்துவிடுவார்கள், நான் போண்டாவின்மேல் போட்டதுபோல. ஒரு சுடிதாரைத் துவைத்து, யார் மூலமாவது அனுப்பினால் என் கடமை முடிந்தது. அந்த வழி எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் குழந்தை என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து ஒரு பையில் பிளீச்சிங் பவுடரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் சோப்பும் எடுத்து வைத்தேன். கணவர் பார்த்தார். வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

குருசடியை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். பச்சை கேட் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கியதும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானா அது? பிள்ளைக்கு நேத்து மத்தியானத்துல இருந்து நிக்காம போவுது. சத்தியும் உண்டு, குடிச்சதெல்லாம் வாந்தியா எடுக்குது. வெடியக்காலமே ஆட்டோ பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கா. வழியில போறவளை எல்லாம் வீட்டுக்குள்ள ஏத்துனா இப்பிடித்தான் இருக்கும்."

எந்த ஆசுபத்திரி என்று கேட்டு அங்கே போனோம். கருங்கல் பக்கம் ஒரு சின்ன ஆசுபத்திரி. வராந்தா முழுக்க ஆட்கள். டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. முந்தாநாள் ஓடியாடிய பிள்ளை என்று சொன்னால் நம்ப முடியாது. கண் உள்ளே போயிருந்தது. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. சத்தமும் பூனைக்குட்டி கத்துவதுபோல மெலிதாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அக்கா! உங்களுக்கு எப்பிடி இருக்கு இப்போ?" என்றாள். அந்த நிலைமையிலும் அவள் முதலில் கேட்டது அதுதான்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இது என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தங்கை மகளில் இருந்து டம்ளர்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதியில் அவள் கை தன்னையறியாமல் குழந்தையை என் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்டது. எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள். ஆனாலும் அந்த ஒரு அசைவு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு கேட்டாள்.

"அப்போ நான் உங்கள உள்ள விடாம இருந்திருக்கணுமா?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். குழந்தைக்கு என்ன கொடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். குடுக்கிறதெல்லாம் அப்பவே வெளியே வருகிறது, அதனால் ராத்திரியே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன் என்றாள். ஒண்ணுக்குப் போனாளா என்றேன். யோசித்தாள். ராத்திரியில் இருந்து இல்லை என்றதும் அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது.

நான் எழுந்து நர்ஸிடம் போய்ச் சொன்னேன். எனக்கு என்ன வந்தது, டாக்டர் என்ன சொன்னார், குழந்தைக்கு எப்போது தொடங்கியது, ராத்திரியில் இருந்து மூத்திரம் இல்லை, கண்ணீர் இல்லை. நர்ஸ் உடனே எழுந்து வந்து குழந்தையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது உடனே பழையபடி ஆகாமல் மெதுவாகத்தான் இறங்கியது. வரிசையில் நிற்க வேண்டாம் என்று எங்களை உள்ளே கூட்டிப்போய், டாக்டருக்கு போன் செய்தார். டாக்டர் சீக்கிரமே வந்துவிட்டார். பார்த்துவிட்டு, முதலில் வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்போம், வயிற்றில் நிற்கவில்லை என்றால் டிரிப்ஸ் போட்டுப் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தார்கள். டம்ளரில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கக் கூடாது, உப்பு அளவு மாறினால் பிள்ளைக்கு ஆபத்து என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே கலக்கினார். பிறகு ஒரு ஸ்பூன். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். நாம் நினைப்பதுபோல மடமடவென்று கொடுத்தால்தான் வயிறு அதைத் திருப்பித் தள்ளுகிறதாம். துளித்துளியாகப் போனால் உள்ளே நிற்கும். வெளியே போகிறதே என்று நிறுத்துவதுதான் தப்பு, போகப்போகத்தான் கொடுக்க வேண்டும் என்றார் நர்ஸ்.

முதலில் அவளே கொடுத்துப் பார்த்தாள். ஸ்பூனில் பாதி குழந்தையின் கழுத்தில் வழிந்தது. நான் எழுந்து போய் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றேன். பிள்ளையைத் தா என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சும்மா நின்றேன். அவள் என் ஈரக்கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "நீங்க பிடிச்சிக்கிடுங்க, நான் குடுக்கேன்" என்றாள்.

ஒரு தடவை வாந்தி எடுத்தாள் குழந்தை. பத்து நிமிஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். மறுபடியும் தொடங்கினோம். ஸ்பூன், ஸ்பூன், ஸ்பூன். அவள் வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் என் கணவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. கண் சொருகிக் கிடந்த பிள்ளை தானாகவே வாயைத் திறந்து அடுத்த ஸ்பூனைக் கேட்டது. பிறகு ஸ்பூனைக் கையால் பிடித்து இழுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது. முதலில் எனக்கு மறுபடியும் போகிறதோ என்று திக்கென்றது. குனிந்து பார்த்த நர்ஸ், "மூத்திரம்தான்!" என்று சத்தமாகச் சொன்னார். வராந்தாவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல செய்தியை நான் கேட்டதில்லை. அதுவரை அழாத அந்தப் பெண் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

மதியத்துக்குமேல் அனுப்பிவிட்டார்கள். துத்தநாகச் சொட்டு மருந்து கொடுத்து, போக்கு நின்றபிறகும் அதை நிறுத்தாமல் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார்கள். தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் கொடுக்கலாம் என்றார்கள். வேனில் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தோம். நான் கேட்காமலேயே பாத்ரூமுக்குப் போய் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரை, குழாய், கொண்டி, வாளிப்பிடி, மக்கு எல்லாவற்றிலும் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தேன். அவள் தடுக்கவில்லை. உட்காருங்கள் என்று உபசாரமும் சொல்லவில்லை. பாயில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, ஸ்பூனால் கொடுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் களைத்திருந்தாள். என்மேல் வருத்தமும் இருந்திருக்கும். அந்த வருத்தத்தை மறைக்க அவள் முயற்சி செய்யாதது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்து மதிலோரம் நின்று, காலையில் என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னாள். இனிமேலாவது கண்டவர்களை உள்ளே விடாதே என்றாள். நான் பாத்ரூம் வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். அவள் என்ன சொல்வாளோ என்று காது அங்கேயே இருந்தது.

"வயித்துக்கு ஒக்காம ஒரு பொம்பள நடுரோட்டுல நிக்கும்போ பின்ன என்னா செய்யணும் மாமி? கேட்டப் பூட்டிட்டு உள்ள போயிரணுமா? அடுத்தமொற சோப்பு போட்டுக் கை கழுவிட்டுப் பிள்ளையத் தொடுவேன். அவ்வளவுதான்."

எரிச்சலோடுதான் சொன்னாள். பெரிய மனசு காட்டுகிற தொனி அதில் இல்லை. காலையில் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவளே யோசித்து ஒரு பதிலுக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான். கதவைத் திறப்பதும் கையைக் கழுவுவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இப்போதும் மாதத்துக்கு ஒருதரம் போனில் பேசிக்கொள்கிறோம். அந்தக் குழந்தை இந்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறது. என் தங்கை வீட்டிலும் எங்கள் வகுப்பிலும் யாருக்காவது வாந்தி வந்தால் நான் விலகிப் போவதில்லை. கூட இருந்து பார்க்கிறேன், பிறகு நுரை வரத் தேய்த்துக் கழுவுகிறேன், அவர்கள் எங்கெல்லாம் போனார்கள், யாரிடம் சொல்ல வேண்டும் என்று யோசிக்கிறேன். நோய் என் கூடவே வந்தது எனக்குத் தெரியாது, அதைத் தடுத்திருக்க முடியுமோ என்னவோ. ஆனால் தெரிந்தபிறகு திரும்பிப் போவதா வேண்டாமா என்பது முழுக்க என் கையில் இருந்தது, யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிட அன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் உள்ளுக்குள் நடுங்குகிறது.